மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்

விசாரணை அலுவலர் ஒருவர், தாம் யாரைப் பற்றி விசாரிக்கப் போகிறாரோ அவரிடமிருந்து வாகன வசதி, உடை, உணவு எதையும் ஏற்கக்கூடாது. ஒரு கோப்பைத் தேநீரும் இதில் அடங்கும். யாழ்ப்பாணம் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்து, அதில் கடைசிப் பதினொரு வருடம் ஒழுக்காற்று விசாரணைகளை நடத்தியவன் நான். இந்த விதியை மீறிய இரண்டு பேருடைய அறிக்கைகளை ஏற்க முடியாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ரொறன்ரோவில் விமானம் இறங்கி ஒன்றரை மணி நேரத்துக்குள் அதே விதியை நான் மூன்று தடவை மீறினேன்.

என் தங்கை ராணி நகரத்தின் கிழக்கே, ஸ்காபரோப் பகுதியின் மல்வேர்னில் இருக்கிறாள். அவளிடம் மூன்று மாதம் நின்றுவிட்டு வரலாம் என்று பெட்டி அடுக்கும்போது, என்னோடு ஒரே அறையில் வேலை செய்த குலசேகரம் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகள் மயூரிக்கு ஒரு கனடாச் சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளையின் பெயர் கஜன். வயது முப்பத்தைந்து. ஆறு வயதில் தாய் தகப்பனோடு போனவர். தரகர் கொடுத்த குறிப்பில் தொழில் என்ற இடத்தில் "நிதி இடர் முகாமை, சுயதொழில்" என்று எழுதியிருந்தது.

"உதென்ன உத்தியோகம் எண்டு எனக்கு விளங்கேல்லை," என்றார் குலசேகரம். "நீர் அங்கை போறீர்தானே. ஆருக்கும் தெரியாமல் ஒருக்கா விசாரிச்சு எழுதும். நீர் எழுதுறதை வைச்சுத்தான் ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லுவன்."

மயூரிக்கு முப்பத்தொரு வயது. வானிலை அவதானிப்பு நிலையத்தில் வேலை. முன்னர் வந்த இரண்டு சம்பந்தங்கள், கொழும்பிலிருந்தும் லண்டனிலிருந்தும் யாரோ கேள்விப்பட்டு எழுதிய கடிதங்களால் நின்றுபோனவை. அந்தக் கடிதங்கள் உண்மையா என்று யாரும் பார்க்கவில்லை. நான் புறப்படும் நாளில் அவள் வாசல்வரை வந்து, "மாமா, உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ. அப்பாவுக்கு ஏத்த மாதிரி எழுதாதேங்கோ," என்றாள். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. நான் யாருக்கும் ஏற்ற மாதிரி எழுதியவன் அல்ல.

ராணியின் கணவருக்கு அன்று பகல் ஷிப்ற். அவர் வரமாட்டார், வேறு ஒருவர் வருவார் என்று சொல்லியிருந்தாள். விமான நிலையத்தில் என் பெயரைத் தமிழில், எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிய மட்டையோடு ஒரு உயரமான ஆள் நின்றார். கையில் எனக்காக ஒரு தடித்த ஜக்கெற்.

"ராணி அன்ரி அனுப்பினவ. அவவும் என்ர அம்மாவும் ஒரே கோயில். நான் கஜன், அங்கிள்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

வெளியே சுழியத்துக்குக் கீழே பதினாறு பாகை. ஜக்கெற்றை மறுக்கும் அளவுக்கு எந்த விதிக்கும் பலம் இல்லை என்று வாசலைத் தாண்டிய கணத்திலேயே தெரிந்துவிட்டது. ஜக்கெற் ஒன்று, கார் இரண்டு. நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தி, சீனி போட்ட கோப்பியும் நடுவில் ஓட்டையுள்ள ஒரு பணியாரமும் வாங்கித் தந்தான். அது மூன்று. பணியாரம் நம் ஊர் உழுந்து வடையின் உருவத்தில் இருந்தது; கடித்தால் கலியாண வீட்டுக் கேக்கின் ஐசிங் மட்டும் தனியாகக் கிடைத்தது போல் இருந்தது.

"அங்கிள், மயூரியின்ர அப்பா உங்களைத்தானே விசாரிக்கச் சொன்னவர்?" என்றான் திடீரென்று.

"அப்பிடி ஒண்டுமில்லைத் தம்பி. நான் தங்கச்சியைப் பாக்க வந்தனான்."

அவன் சிரித்தான். "என்ர பேரைச் சொன்னோடன ஒருக்காக் கண்ணாடியைத் துடைச்சீங்கள். இப்ப ரெண்டாந்தரம். கண்ணாடி கிளீனாத்தான் இருக்கு."

பதினொரு வருடம் எத்தனையோ பேரை எதிரில் இருத்திக் கேள்வி கேட்டவன் நான். என் முகத்தில் எதுவும் தெரியாது என்று என் மேலதிகாரி எழுதித் தந்திருக்கிறார். அதை இவனிடம் சொல்லவில்லை.

"அந்தப் பேப்பரில இருக்கிறது அம்மா சொன்னது," என்றான் கஜன். "நான் போக்கர் விளையாடுறனான், அங்கிள். காட்ஸ். ஃபுல் டைம். பதினொரு வருஷமா அதுதான் வேலை."

"பொம்பிளைப் பிள்ளைக்குத் தெரியுமோ?"

"அவவோட கதைக்க ஒருத்தரும் விடேல்லை. கலியாணத்துக்குப் பிறகு சொல்லலாம் எண்டு அம்மா நிக்கிறா. எனக்கு அது சரிவராது. நீங்கள் எழுதுங்கோ. ஆனா வந்து பாத்திட்டு எழுதுங்கோ. கேள்விப்பட்டதை எழுதாதேங்கோ."

விசாரணைக்கு இப்படித் தானாக ஒத்துழைப்பவர்கள் இரண்டு வகை. ஒன்றும் செய்யாதவர்கள் ஒரு வகை. எல்லாவற்றையும் ஏற்கெனவே சரிக்கட்டி வைத்திருப்பவர்கள் மற்ற வகை. இவன் எந்த வகை என்று தெரியாமல் அன்று பகல் முழுவதும் தூங்கினேன். அதற்குப் பெயர் ஜெட் லாக் என்றாள் ராணி.

இரண்டாம் நாள் அவளிடம் கேட்டேன். "உனக்கு முதலே தெரியுமோ, அவன் சீட்டு விளையாடுறது?"

"ஸ்காபரோவில ஆருக்கு அண்ணை தெரியாது?" என்றாள், வெங்காயம் வெட்டிக்கொண்டு. "தாய் புஷ்பமக்காவுக்கு முன்னால தெரியாத மாதிரி இருக்கிறம். அவ பாவம், ஃபினான்ஸ் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறா."

"பிறகு என்னத்துக்கு அவனை எயார்போட்டுக்கு அனுப்பினனி?"

"நீங்கள் ஒளிச்சு ஒளிச்சுப் பாத்து எழுதுறதை விட, நேர பாத்து எழுதுறது நல்லமெல்லே."

குலசேகரம் கேட்டதை ஃபோனில் இவளுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன். என் தங்கை எந்தக் கந்தோரிலும் வேலை செய்ததில்லை. அது கந்தோர்களின் அதிர்ஷ்டம்.

மூன்றாம் நாள் மோர்னிங்சைட்டில் கஜனின் தாய் புஷ்பம் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கஜன் காரோடு வருவதாகச் சொன்னான். இனியாவது விதிப்படி நடப்போம் என்று மறுத்துவிட்டுத் தனியாக பஸ்ஸில் ஏறினேன்.

இந்த ஊர் பஸ்ஸில் நடத்துநர் இல்லை. "இறக்கம்!" என்று கத்துவதற்கும் ஆள் இல்லை. என்னுடைய தரிப்பிடம் வந்தது, போனது. அடுத்ததும் போனது. எல்லாத் தரிப்பிடத்திலும் பஸ் நிற்கவேண்டும் என்பது என் எண்ணம். ஜன்னலோரம் தொங்கும் மஞ்சள் கயிற்றை, நம் ஊர் பஸ்ஸில் சாமிப் படத்துக்குமேல் தொங்குவது போன்ற ஓர் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அதை இழுத்தால்தான் நிற்குமாம். பின்னால் இருந்த இரண்டு தமிழ்ப் பெண்கள், வேலைக்குப் போகிறவர்கள், என்னைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

"உவர் ஊரிலயிருந்து புதுசா வந்தவர் போல."

"ராணியக்காவின்ர தமையனடி. புஷ்பமக்காவின்ர மோனுக்குப் பேசின பொம்பிளைக்காக விசாரிக்க வந்தவராம்."

"ஐயோ, அந்தக் காட்ஸ் அடிக்கிற பெடியனுக்கோ?"

"ஓமடி. ஆனா உவர் ஸ்ட்ரிக்டாம். ஆரிட்டயும் தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டாராம்."

ஆருக்கும் தெரியாமல் விசாரிக்கும்படி குலசேகரம் சொன்னது நினைவுக்கு வந்தது. கடைசித் தரிப்பிடத்தில் இறங்கி, மறுபக்கம் போய், பனிக்குள் இருபது நிமிடம் நின்று திரும்பி வந்தேன். கயிற்றை இரண்டு தரிப்பிடம் முன்கூட்டியே இழுத்ததால் மிகுதி தூரத்தை நடந்தேன்.

புஷ்பம் புட்டும் கணவாய்க் கறியும் வைத்திருந்தார். கணவாய் நம் ஊரில் கிடைப்பதைவிட மென்மையாக இருந்தது. இங்கே ஐஸில் வந்து கடையில் கிடக்கும் கணவாய் அங்கே கரையில் வாங்குவதைவிட எப்படி ருசிக்கும் என்று கேட்டேன். "அண்ணை, இங்க அவிக்கிறதுக்கு நேரமில்லை. டக்கெண்டு இறக்கிப்போடுவம், அதுதான்," என்றார். முப்பது வருடம் மனைவியின் கணவாய்க் கறியைப் பாராட்டிவந்த எனக்கு அது புதிய செய்தி.

அவருடைய கணவர் இறந்து ஒன்பது வருடம். புஷ்பம் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் இரண்டாந்தரம் புட்டு வாங்கும்வரை ஃபினான்ஸைப் பற்றிச் சொன்னார். பிறகு கரண்டியைக் கீழே வைத்தார்.

"உங்களுக்குத் தெரியும், என்னண்ணை?"

"ஓம்."

"இந்த வீட்டுக்கு முழுக்கக் கட்டினது அவன்தான். தகப்பன் வருத்தமாக் கிடக்கேக்க இரவு பகலாப் பாத்ததும் அவன்தான். குடிக்கிறேல்லை. ஆரோடயும் கத்துறேல்லை. டொக்டர் எண்டா ஊர் முழுக்கச் சொல்லியிருப்பன். இதை என்னெண்டு அண்ணை சொல்லுறது? சீட்டு எண்டு எழுதினா ஆர் பொம்பிளை தருவினம்?"

பதில் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை என்று சொன்னேன். பாயசமும் குடித்தேன்.

நான்காம் நாள் கசினோவுக்குப் போனோம். காலை பத்தரை மணி. நான் கற்பனை செய்திருந்த இடத்தில் புகையும் சிவப்பு விளக்கும் இருந்தன. நேரில் பார்த்தால் பெரிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவு மாதிரி இருந்தது. முதியவர்கள் வரிசையாக இயந்திரங்களுக்கு முன்னால் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

"இதுக்குள்ள நான் வாறதில்லை," என்றான் கஜன். "இதில கடைசியா மெஷின்தான் வெல்லும். அங்க உள்ளுக்கு, மனுசரோட மனுசர் விளையாடுறது. கசினோக்காரன் வாடகை மாதிரிக் கொஞ்சம் எடுப்பான், அவ்வளவுதான்."

"எண்டால் நீர் வெல்லுறது பக்கத்தில இருக்கிற மனுசன்ர காசு."

"ஓம் அங்கிள்."

"அது சரியோ?"

"அவையும் என்ர காசுக்குத்தான் வந்து இருக்கினம். ஆனா சில நாள், எதிர இருக்கிற ஆள் வெயர்ஹவுசில டபிள் ஷிப்ற் அடிச்சிட்டு வந்திருக்கிறார் எண்டு தெரியும். அண்டைக்கு உந்தக் கேள்வியை நானும் கேட்பன். பதில் இன்னும் வரேல்லை."

இதைக் குறிப்புப் புத்தகத்தில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

தொழிலின் விபரம் அவன் சொன்னபடி இது. பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து, ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இரண்டு வருடம். பிறகு இது. முதலில் கம்பியூட்டரில், பிறகு ஊர் ஊராகப் போட்டிகளில், இப்போது பகல் நேர மேசைகளில். காலையில் இரண்டு மணி நேரம் முதல்நாள் விளையாடியதைத் திருப்பிப் பார்த்துப் பிழை பிடிப்பது. பதினொரு மணிக்கு உட்கார்ந்தால் ஐந்து மணிக்கு எழும்புவது, வென்றாலும் தோற்றாலும். ஒருமுறை எட்டு மாதம் தொடர்ந்து தோற்றிருக்கிறான். "அம்மாவுக்குச் சொல்லேல்லை. மேசையில முகத்தில ஒண்டும் காட்டக்கூடாது. பழகினாப் பிறகு வீட்டிலயும் காட்ட வராது, அங்கிள். அதுதான் இந்த வேலையில பெரிய பிரச்சினை."

போக்கர் அறையில் எனக்கு முதலில் பிடித்தது அதன் ஒழுங்கு. ஒருவர் தன் முறை வருமுன் பேசினால் சீட்டுப் போடுபவர் கையை உயர்த்துவார். வாயால் சொன்னது சொன்னதுதான், திரும்பப் பெற முடியாது. ஒருவர் காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளை இரண்டு தவணையாகத் தள்ளியது பற்றி ஒரு தகராறு வந்தது. கறுப்புக் கோட் போட்ட மேற்பார்வையாளர் ஒரு பெண் வந்து இரு பக்கமும் கேட்டார். "முதல் தள்ளியது மட்டுமே செல்லும். விளையாடுங்கள்," என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மேன்முறையீடு கிடையாது. அந்தப் பெண்ணின் கீழ் நான் மகிழ்ச்சியாக வேலை செய்திருப்பேன்.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு இரண்டு சீட்டு, மறைவாக. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. மற்றவர்கள் பயந்து விட்டுக்கொடுத்தால், கையில் ஒன்றுமில்லாதவர்கூட நடுவில் இருப்பதை அள்ளலாம். கஜன் பெரும்பாலும் தன் இரண்டையும் பார்த்துவிட்டு எறிந்துகொண்டே இருந்தான். முதல் ஒரு மணி நேரத்தில் நான்கே தடவைதான் விளையாடினான். எங்கள் மனமகிழ் மன்றத்தில் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் அடிக்கும்போது இப்படி ஒருவர் பொறுமையாக இருந்தால், ஆளுக்குச் சுகமில்லையா என்று கேட்டிருப்போம். அங்கே மேசையைச் சுற்றி ஆறு பேர் நின்று ஆலோசனை சொல்வார்கள். யார் பின்னால் நின்றாலும் அவர் கையைப் பார்ப்போம், "ச்சூ" கொட்டுவோம், தலையில் அடித்துக்கொள்வோம். அது ஆட்டத்தின் ஒரு பகுதி.

பிழை அங்கேதான் நடந்தது.

பார்ப்பவர்கள் நிற்கும் கம்பியோரம் நின்றவன், கால் வலித்ததால் கொஞ்சம் நகர்ந்து, ஒரு தமிழருக்குப் பின்னால் போய் நின்றேன். மணியண்ணை என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். அறுபது வயது, சத்தமான ஆள். நடுவில் ஐந்து சீட்டும் விழுந்துவிட்டன. மணியண்ணை தன் முன்னால் இருந்த வில்லைகள் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் தள்ளினார். மிச்சம் நின்றது கஜன் மட்டும். அவன் நெடுநேரம் யோசித்தான். மணியண்ணை தன் சீட்டுகளின் மூலையை இன்னொருமுறை தூக்கிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

ஒரு ஆறு, ஒரு நாலு. நடுவில் கிடந்த எதோடும் சேராதவை. முந்நூற்றிநாலில் ஆட்டத்திலேயே சேர்க்காத சீட்டுகள். மனிதர் வெறுங்கையோடு எல்லாவற்றையும் தள்ளியிருக்கிறார்!

நான் வாயைத் திறக்கவில்லை. "ச்சூ" கொட்டவும் இல்லை. நிமிர்ந்தபோது கஜன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் என் கண்ணாடி என் கையில் இருப்பதும், சால்வை நுனியால் அதைத் துடைத்துக்கொண்டிருப்பதும் எனக்குத் தெரிந்தது.

கஜன் தன் சீட்டுகளை முன்னால் தள்ளிவிட்டான். விட்டுக்கொடுத்தாகிவிட்டது.

மணியண்ணை ஆறையும் நாலையும் திருப்பிப் போட்டார். மேசை முழுவதும் சிரித்தது. "என்ன தம்பி, பயந்திட்டியோ? புரொஃபஷனல் எண்டாங்கள்!" என்றார் தமிழில். மேசையில் ஆங்கிலம் மட்டும்தான் பேசலாம் என்று சீட்டுப் போடுபவர் எச்சரித்தார். "பயந்திட்டார் எண்டு சொன்னன்," என்று மணியண்ணை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மறுபடி சிரிப்பு. கஜன் எழும்பி வந்து, "கோப்பி குடிப்பம், அங்கிள்," என்றான்.

கோப்பிக் கடையில் நான்தான் முதலில் பேசினேன். "உம்மட கையில என்ன இருந்தது?"

"ரெண்டு சோடி."

"வெண்டிருப்பீர்."

"ஓம். நீங்கள் கண்ணாடியைக் கழட்டினோடன அவற்ற கையில ஒண்டுமில்லை எண்டு தெரிஞ்சுபோச்சு."

"பிறகு ஏன் விட்டனீர்?"

"நான் பாத்துக் கண்டுபிடிச்சிருந்தா எடுத்திருப்பன். இது நீங்கள் தந்தது. அதை எடுத்தா அது வேற தொழில், அங்கிள்." கோப்பியை ஊதினான். "இனி மற்றப் பக்கத்தில நில்லுங்கோ."

அன்று அவன் அந்த மேசையில் இழந்தது, அவனுடைய கணக்கில் ஒரு நல்ல கிழமையின் வருமானம். திரும்பி வரும்போது காரில் பழைய பாட்டுப் போட்டான். ராணிக்குக் கொத்துரொட்டி வாங்கவேண்டும் என்பதை எனக்கு ஞாபகப்படுத்தினான்.

மார்ச் 4 ஆம் திகதி அறிக்கையைக் குலசேகரத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். பதினாறு பந்திகள். கல்வி, தொழில், வேலை நேரம், குடிப்பழக்கம் இன்மை, தாயாரின் கூற்று, மற்றவர் காசு பற்றிய கேள்வி, அதற்கு அவன் சொன்ன பதில், எட்டு மாதத் தோல்வி. பரிந்துரை என்ற இடத்தில் "பெற்றோரின் தீர்மானத்துக்கு விடப்படுகிறது" என்று எழுதினேன். எல்லாம் உண்மை. ஆறும் நாலும் மட்டும் அதில் இல்லை. அதை எழுதினால் விசாரணை அலுவலர் சாட்சியத்தைக் கெடுத்ததையும் எழுதவேண்டும். ஜக்கெற், கார், கோப்பி, கணவாய் எல்லாம் பின்னால் வரும்.

எங்கள் கந்தோரில், கிடைத்த கடிதத்துக்கு மூன்று வேலை நாளுக்குள் கிடைத்தது என்றாவது எழுதவேண்டும். குலசேகரம் முப்பது வருடம் அதைத் தவறாமல் செய்தவர். மூன்று நாள் போனது. இரண்டு கிழமை போனது. கஜன் ஒவ்வொரு ஞாயிறும் புஷ்பம் கொடுத்துவிட்ட சாப்பாட்டோடு வந்தான். ஒருமுறைகூட அறிக்கையைப் பற்றிக் கேட்கவில்லை. புஷ்பம்தான் ராணிக்கு ஃபோன் எடுத்து, "அண்ணைக்கு ஏதும் மறுமொழி வந்ததோ?" என்று கேட்டபடி இருந்தார். பனி உருகிச் சேறானது. பஸ் கயிற்றைச் சரியான இடத்தில் இழுக்கப் பழகினேன்.

ஒரு காலை, பல் துலக்கிவிட்டு முகம் பார்க்கும்போது, மயூரி வாசலில் நின்று சொன்னது நினைவுக்கு வந்தது. அப்பாவுக்கு ஏற்ற மாதிரி எழுதவில்லை, அது சரி. எனக்கு ஏற்ற மாதிரி எழுதியிருக்கிறேன்.

அன்றே ஓர் இணைப்பு எழுதினேன். மணியண்ணை, ஆறு, நாலு, கண்ணாடி, சால்வை, கோப்பிக் கடையில் அவன் சொன்ன சொற்கள் எல்லாவற்றையும் வரிசையாக. முடிவில் மூன்று விதிமீறல்களைத் திகதியோடு பட்டியலிட்டேன். கணவாயை நான்காவதாகச் சேர்த்தேன். இதை ஏற்க முடியாது என்றால் திருப்பி அனுப்பலாம் என்றும் எழுதினேன். குலசேகரத்துக்கு ஒரு பிரதி. மற்றது மயூரிக்கு, நேராக.

பிறகும் மூன்று கிழமைக்கு மேல் மௌனம். கடைசியில் பதில் எழுதியது மயூரிதான்.

"மாமா, முதல் அறிக்கையை வாசித்துவிட்டு அப்பா வேண்டாம் என்று முடிவெடுத்து, எனக்குக் காட்டாமல் அலுமாரிக்குள் வைத்துவிட்டார். உங்கள் இணைப்பு எனக்கு வந்த பிறகுதான் அதைக் கேட்டு வாங்கினேன். பதினாறு பந்தியிலும் அவருடைய வேலை இருக்கிறது. ஆள் இணைப்பில்தான் இருக்கிறார். ராணி அன்ரியிடம் நம்பர் வாங்கி நானே அவருக்கு ஃபோன் எடுத்தேன். மூன்று கிழமையாகக் கதைக்கிறோம். உங்களுக்குச் சொல்லவேண்டாம் என்று நான்தான் அவரைக் கேட்டேன். நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆவணியில் இங்கே வருகிறார். அந்தப் பதில் வராத கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். நேரில் பார்த்துப் பேசிய பிறகு என் முடிவைச் சொல்வேன். இப்போதைய கணிப்பு எழுபது வீதம். என்ன உத்தியோகம் இது என்று அப்பா இன்னும் கேட்கிறார். நாளைக்கு மழை வருமா என்று சொல்லித்தான் நானும் சம்பளம் எடுக்கிறேன் என்றேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. பேசுவார். விதிமீறல்கள் குறித்துக்கொள்ளப்பட்டன. கணவாய்க் கறியை எத்தனை நிமிடம் அவிக்கவேண்டும் என்று அந்த அன்ரியிடம் கேட்டு எழுதவும்."

கடிதத்தை அச்சிட்டு, வலது மேல் மூலையில், வழக்கம்போல, சுருக்கொப்பம் வைத்து எழுதினேன்: கிடைத்தது, ஏப்ரல் 22.